மண்ணுக்குப் போகிற கம்பி

முதல் இடிக்கு எரிந்தது
செங்கமலம் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கார்ட்லெஸ்,
சண்டைக்கு முன்னால் அனுப்பியது.
வெளியில் பளபளப்பு மாறவில்லை,
உள்ளே தீய்ந்த வெங்காய வாசம்.
வடக்குக் கொல்லைத் தென்னையின் குருத்தும்
அன்றைக்கே போயிற்று.
தென்னைக்கு நான் வருந்தினேன். போனுக்குத்
தையல்நாயகிதான் அழுதாள்.

நன்னிலம் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாகூர் கனி வந்தார்,
சைக்கிள் ஹாண்டில்பாரில் ஒயர் வளையம்.
"முடிகொண்டான் கரையோரமா ரெண்டு மைலு
வெட்டவெளியில வருது சார் உங்க லைனு.
மின்னல் உங்க வீட்டுலதான் விழணும்னு இல்ல,
ஆத்துல விழுந்தாலும்
கம்பியப் புடிச்சிக்கிட்டு கூடத்துக்கு வந்துரும்."

எங்கோ விழுந்த ஒன்று
கூடத்துக்கு வந்துவிடும்.
ஆறு மாவில் அக்காவுக்குப் பாதி என்று
சன்னாநல்லூர் டீக்கடையில் யாரோ வாய்விட்டது
நான்கு வருஷமாக எங்கள் கூடத்தில் நிற்கிற மாதிரி.
இதை அவரிடம் சொல்லவில்லை.

கொல்லையில் குழி தோண்டினார்.
எட்டடிக் குழாய், கரி, கல்லுப்பு, மறுபடி கரி.
ஊறுகாய் போடுகிற பக்குவம்.
சுவரில் சின்னப் பெட்டி, அதற்குள்
சுண்டுவிரல் நகத்தளவு பீங்கான் குழல்.
"சும்மா நாள்ல இது தூங்கும்.
அதிகமா வந்தா முழிச்சிக்கிட்டு
வந்தத மண்ணுக்கு அனுப்பிரும்."
கரண்டு மீட்டரின் எர்த்தையும் இதோடு சேர்த்து முறுக்கினார்.
"தனித்தனியா விட்டா
ரெண்டு மண்ணுக்கும் நடுவுல உங்க போனு மாட்டிக்கும்.
இவ்வளவு செஞ்சாலும், வானம் உறுமுனா
லைனப் புடுங்கிப் போட்டுருங்க.
ரிசீவரக் காதுல வைக்காதீங்க."

பிறகு ஐப்பசி.
அறுத்த குறுவை தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டிருந்தது.
கிழக்கே கறுத்து, தெருப் பிள்ளைகள்
அர்ச்சுனா அர்ச்சுனா என்று கத்தத் தொடங்கியபோது
பிடுங்கத்தான் குனிந்தேன்.
மணி அடித்தது.

நீண்ட மணி, வெளியூர் மணி.
"தம்பி" என்றாள்.
வானத்தில் வந்ததோ, கடலுக்கு அடியில் வந்ததோ,
கொஞ்சம் தாமதித்து வந்தது.
நான் "ம்" என்றேன். அதுவும் தாமதித்துத்தான் போயிருக்கும்.
"எனக்கு அந்த நிலம் வேண்"

ஜன்னல் கம்பிகளின் நிழல்
எதிர்ச்சுவரில் விழுந்து மறைந்தது.
பெட்டிக்குள் சுள்ளி முறிகிற சத்தம்.

வேண்டுமா, வேண்டாமா.

போன் பிழைத்தது. நான் பிழைத்தேன்.
குழல் செத்துப்போய், சாகும்போது
லைனை மண்ணோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிற்று.
ரிசீவரில் சங்குக்குள் இருக்கிற சத்தம்கூட இல்லை.
ஐந்து நாள் மழை, சாய்ந்த கம்பங்கள்,
கனியால் வர முடியவில்லை.
அங்கே அவளுக்கு என்ன கேட்டிருக்கும்?
தம்பி வைத்துவிட்டான் என்றுதான்.

ஆறாம் நாள் பீங்கானைக் கழற்றி
என் உள்ளங்கையில் போட்டார். ஒரு பொட்டு கறுப்பு.
"சாவுறதுதான் சார் இதோட வேலை. நாப்பது ரூவா."
புதுசு மாட்டி, எக்ஸ்சேஞ்சுக்கு அடித்து
மணி விடச் சொன்னார். மணி வந்தது.
மஸ்கட்டுக்கு அடிக்கலாமா என்றேன்.
"ஐஎஸ்டி பூட்டியிருக்கே. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?
அவங்க அடிச்சா வரும்."

நான்தான்.
காரணம் என்ற இடத்தில்
பில் அதிகம் என்று எழுதிய ஞாபகம்.

இப்போது சித்திரை. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.
காய்ந்த மண் எதையும் வாங்கிக்கொள்ளாது என்று கனி சொன்னதால்
குழிக்குத் தினம் ஒரு குடம் ஊற்றுகிறேன்,
நிலத்துக்கு இல்லாத தண்ணீரை.
தையல்நாயகி பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை.
சன்னாநல்லூர் பூத் ராத்திரி பத்துவரை திறந்திருக்கும்.
நம்பர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
வானத்தில்
ஒரு துண்டு மேகம் இல்லை.